ஒரே ‘டோ’வில் நிற்பவர்கள்

“‘சைலன்ட் நைட்’டுக்கு எதுக்கு ஐயா ரிகர்சல்? ட்ராக் போட்டா சபையே பாடிரும்” என்றார் ஒரு தம்பி. கொயர் மாஸ்டர் பொறுப்பை நான் ஒப்படைத்த பிறகு வந்த முதல் டிசம்பர் அது. நல்ல பிள்ளை; கீபோர்டில் விரல் நன்றாக ஓடும். ஆனாலும் அந்தக் கேள்வி மனதில் தைத்துவிட்டது. வாழ்நாள் முழுக்க நான் செய்த வேலை இன்னதென்று அறியாமல் கேட்ட கேள்வி அது. பதிலை எழுதித்தான் ஆகவேண்டும்.

கேரல் பாட்டுகளில் கடினமானது எது என்று கேட்டால், மெட்டுக்கு மேலே தனியாக ஏறும் டெஸ்கன்ட் உள்ளவற்றைத்தான் எல்லோரும் சொல்வார்கள். டேவிட் வில்காக்ஸ் எழுதிய டெஸ்கன்டை, நல்ல சொப்ரானோக்கள் நாலு பேர் இருந்தால் சீக்கிரம் ஏற்றிவிடலாம். ‘சைலன்ட் நைட்’ அப்படியல்ல. அதன் மெட்டு கீழ் டோவிலிருந்து மேல் ஃபா வரை போகிறது. அந்த ஃபா விழும் இடமோ உறக்கத்தையும் சமாதானத்தையும் பாடும் இடம். எல்லாக் கொயரும் கத்துவது அங்கேதான். மேலே ஏறும்போது சத்தம் கூடுவது தொண்டையின் சுபாவம். கூடாமல் ஏறப் பழக்குவது மாஸ்டரின் வேலை. ஃபாவைத் தொட்டு, அடுத்த கட்டத்தில் மேல் மீயில் நின்று, அங்கிருந்து கீழ் டோவுக்கு இறங்குவதற்குள் பாதிக் கொயருக்குச் சுருதி தளர்ந்திருக்கும். ஆர்கன் கூடவே ஒலித்தால் அது வெளியே தெரியாது. விளக்குகளை அணைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, வெறுங்குரலில் பாடி முடித்தபின் ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டிக் காதில் வைத்தால் உண்மை தெரியும். ரிகர்சலில் அரை ஸ்வரம் இறங்கியிருந்தாலும் என் ஆசிரியர் முதலிலிருந்து பாடச் சொல்வார்.

அவர் பள்ளிக்கூட வாத்தியார். ஸ்டாஃப் நொட்டேஷன் நன்றாகத் தெரிந்தவர். எங்களுக்குச் சொல்லித் தந்தது, ஸ்வரங்களை டோ-ரே-மீ என்று எழுத்தில் எழுதும் டானிக் சோல்ஃபாவில். சாரா க்ளோவர் தொடங்கி ஜான் கர்வென் பரப்பிய அந்த முறை இருந்ததால்தான், பியானோவைக் கண்ணால் பாராத பிள்ளைகள் நான்கு குரலில் பாடினோம். கரும்பலகையில் நான்கு வரிசையையும் எழுதுவார். சொப்ரானோவை முதலில் தொடமாட்டார். அடிக்குரலான பேஸ் வரிசையைத்தான் எழுப்பி நிறுத்துவார்.

இந்தப் பாட்டில் பேஸுக்கு முதல் நான்கு கட்டமும் ஒரே டோ. சொப்ரானோ ஸோ-லா-ஸோ-மீ என்று அசையும். ஆல்டோ அதன் கீழேயே மீ-ஃபா-மீ-டோ என்று ஒட்டிக்கொண்டு வரும். பேஸ் மட்டும் நகராது. மீசை அரும்பிய வயதில் எங்களுக்கு அது பெரிய குறையாகப் பட்டது. “என்ன சார், ஒரே எடத்துல நிக்கச் சொல்லுதீய” என்று ஒருவன் முணுமுணுத்தான். அவர் கோபப்படவில்லை. “ஏலே, யோசேப்பு சுவிசேஷத்துல எங்கயாச்சும் ஒரு வார்த்தை பேசியிருக்காரா? தேடிப் பாரு. ஆனா அவரு நின்னாருல்லா? அவரு நிக்கலன்னா தாயும் பிள்ளையும் எங்கலே போவாவ? நீ நில்லு” என்றார்.

வீட்டுக்குப் போய்த் தேடினேன். சொப்பனம் காண்கிறார், எழுந்திருக்கிறார், பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். அவர் சொன்னதாக ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை. மறுநாள் அந்த டோவைப் பாடியபோது அது எனக்கு வேறு ஸ்வரமாகிவிட்டது. ஒரே ஸ்வரத்தில் நிற்பதற்குத்தான் உழைப்பு அதிகம். ஒவ்வொரு மூச்சு முடிவிலும் சுருதி கீழே இழுக்கும். நினைவோடு தாங்கிப் பிடிக்க வேண்டும். எல்லோரும் ஒன்றாக மூச்சு வாங்கினால் அடித்தளம் அறுந்துபோகும். பக்கத்தில் இருப்பவன் பாடும்போது நீ வாங்க வேண்டும், நீ பாடும்போது அவன் வாங்குவான். பேஸ் நின்றால் ஆல்டோ நிற்கும். ஆல்டோ நின்றால் சொப்ரானோவுக்குக் கத்த வேண்டிய அவசியமே வராது. என் விசுவாசத்தில் பாதியை அந்த டோவில் நின்றுதான் கற்றேன்.

பாட்டு பிறந்த விதமும் இதற்கு ஒத்துத்தான் போகிறது. சால்ஸ்பர்க்குக்குப் பக்கத்தில், சால்சாக் ஆற்றங்கரையில் உள்ள ஓபர்ன்டோர்ஃப், உப்புப் படகுகளை நம்பிப் பிழைத்த ஊர். நெப்போலியன் யுத்தங்கள் முடிந்து, 1816-ல் அந்த ஆறே தேச எல்லையாகி, எதிர்க்கரையில் இருந்த லாஃபன் பவேரியாவோடு போய்விட்டது. அதே 1816-ல் மரியாஃபார் என்னும் மலையூரில் உதவிக் குருவானவராக இருந்த யோசேஃப் மோர் இந்தக் கவிதையை எழுதினார். 1818 டிசம்பர் 24 அன்று, ஓபர்ன்டோர்ஃபில், பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஃப்ரான்ஸ் சேவர் க்ரூபரிடம் அதைக் கொடுத்து, இரண்டு குரலுக்கும் கிட்டாருக்கும் மெட்டுப் போடச் சொன்னார். அன்று இரவே மோர் டெனர் பாட, க்ரூபர் பேஸ் பாட, கடைசி அடிகளைக் கொயர் திருப்பிப் பாடியது. ஆர்கனை எலி கடித்ததால்தான் கிட்டார் வந்தது என்று இப்போது மேடைதோறும் மைக்கில் சொல்கிறார்கள். 1854 டிசம்பர் 30-ல் க்ரூபர் தம் கைப்பட எழுதிய விவரத்தில் எலியே இல்லை. பாட்டைப் படிக்காதவர்களுக்குத்தான் எலி தேவைப்படுகிறது.

மோர் எழுதியது ஆறு சரணம். நாம் பாடுவது பெரும்பாலும் மூன்று. விட்டுப்போனவற்றில் ஒன்று, இயேசு உலகத்து ஜனங்களையெல்லாம் சகோதரனாக அணைத்துக்கொள்வதைச் சொல்கிறது. யுத்தத்தில் நொந்துபோன தேசத்தில் இருந்து ஒரு குரு எழுதியது அது. 1914 கிறிஸ்துமஸ் இரவில் மேற்குப் போர்முனையில் ஜெர்மன் சிப்பாய்கள் பதுங்குகுழியிலிருந்து இந்தப் பாட்டைப் பாடியபோது, எதிரில் இருந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள். ட்ராக் இல்லை, மைக் இல்லை. குரல்கள் இருந்தன.

“பாட்டுகள் காலத்துக்கு ஏற்ப மாறியவைதானே, ட்ராக்கும் ஒரு மாற்றம்தானே” என்றும் வாதாடுகிறார்கள். மாறியது உண்மை. சார்லஸ் வெஸ்லி 1739-ல் வெளியிட்ட ‘ஹார்க் த ஹெரால்ட்’டின் முதல் அடியையே ஜார்ஜ் வொயிட்ஃபீல்ட் மாற்றினார். இன்று நாம் பாடும் மெட்டு, அச்சுக்கலையின் குட்டன்பர்க் நினைவு விழாவுக்காக 1840-ல் மெண்டல்சன் எழுதியது. தெய்வீக வார்த்தைகளுக்கு அது பொருந்தாது என்பது அவர் எண்ணம். 1855-ல் வில்லியம் கம்மிங்ஸ் இரண்டையும் சேர்த்தார். ஒன்பது பாடங்கள் வாசித்து இடையிடையே கேரல் பாடும் ஆராதனையை 1880-ல் ட்ரூரோவில், கதீட்ரல் கட்டி முடியுமுன் மரக் கொட்டகையில், பேராயர் பென்சன் தொடங்கினார். முதல் பாடத்தைக் கொயர்ப் பையன் வாசிக்க, கடைசிப் பாடத்தைப் பேராயர் வாசிக்கும் ஏற்பாடு. போரில் படைக்குருவாக இருந்து திரும்பிய எரிக் மில்னர்-வொயிட், 1918-ல் அதைக் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜுக்குக் கொண்டுவந்தார். 1928-ல் அது வானொலியில் ஏறியது. நம் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார், ஊரார் வாயில் இருந்த குறவஞ்சியை எடுத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார்.

இந்த மாற்றங்களையெல்லாம் உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றும் பாட்டை இன்னும் பல வாய்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ட்ராக் செய்வது இதற்கு நேர் எதிர். ஸ்பீக்கர் பாடுகிறது, சபை செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கிறது. கன்னிகையின் மடியில் தேவன் குழந்தையாக வந்தார் என்பதுதான் கேரல்களின் சாரம். அதைச் சொல்ல மனுஷ மூச்சு வேண்டும். தளரக்கூடிய, பக்கத்துக் குரலைச் சார்ந்து நிற்கிற மூச்சு.

இன்று பல கொயர்களில் ஆல்டோ வரிசையே கிடையாது. எல்லோரும் மெட்டைப் பாடிவிட்டு அதற்குக் கொயர் என்று பெயர் வைக்கிறார்கள். சுருதி எட்டாவிட்டால் கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது. தொண்டையைப் பழக்க வேண்டியதில்லை. சோல்ஃபா வாசிக்கத் தெரிந்த வாலிபர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கேரல் ரவுண்ட்ஸ் போனால் டிரம்ஸும் கிறிஸ்துமஸ் தாத்தா ஆட்டமும் முன்னால் போகின்றன. ஒரு சரணம் முடியுமுன் அடுத்த வீட்டுக்கு ஓடுகிறார்கள். அந்த வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பாட்டி முழுப் பாட்டையும் கேட்கக் காத்திருப்பாள் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

தம்பிமார்களுக்குச் சொல்கிறேன். அக்டோபரிலேயே ரிகர்சலைத் தொடங்குங்கள். கரும்பலகையில் நான்கு வரிசையையும் எழுதுங்கள். பேஸிலிருந்து ஆரம்பியுங்கள். ‘சைலன்ட் நைட்’டை ட்ராக் இல்லாமல், ஆர்கன் இல்லாமல், சுருதி இறங்காமல் மூன்று சரணம் பாடும் வரைக்கும் வேறு பாட்டைத் தொடாதீர்கள். பேஸ் வரிசைக்கு ஆள் குறைந்தால் சொல்லியனுப்புங்கள். மாஸ்டராக அல்ல, வரிசையில் ஒருவனாக வந்து நிற்கிறேன். டோ இன்னும் எனக்கு எட்டுகிறது.