தேதி போட்ட தாள்கள்

தமிழ்நாட்டில் முப்பருவ முறை 2012-13இல் வந்தது. ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும். கூடவே சி.சி.இ. வந்தது. நூறில் அறுபது பருவத்தேர்வுக்கு, நாற்பது வளரறி மதிப்பீட்டுக்கு. அந்த நாற்பதில் பாதி பிள்ளைகள் செய்யும் செயல்பாடுகளுக்கு. செய்தார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டுமே, அதனால் ஆளுக்கொரு கோப்பு. கோப்பு என்று யார் சொன்னார்கள், ஃபைல்தான். "டீச்சர், என் ஃபைலக் காணோம்!"

அந்த ஃபைல்களால் அதிகம் பயனடைந்தவர் பள்ளிக்கு எதிரே இருந்த ஸ்டேஷனரி கடைக்காரர். தலைவர்கள் சார்ட், பூக்கள் சார்ட், நீர்ச்சுழற்சி சார்ட். வாங்கி, வெட்டி, ஒட்டினால் செயல்பாடு முடிந்தது. "கையெழுத்து இவ்வளவு அழகா இருக்கே?" என்று ஒருத்தனைக் கேட்டேன். "அக்கா எழுதிச்சு டீச்சர்" என்றான், கொஞ்சமும் கூச்சமில்லாமல். அவன்மேல் என்ன தப்பு? நாங்கள் கேட்டது ஃபைலைத்தானே.

என் ஐந்தாம் வகுப்பில் சார்ட்டை நிறுத்தினேன். வாரம் ஒரு வெள்ளைத்தாள். மேலே தேதி. தப்பானால் ரப்பர் கூடாது, ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு மேலே எழுதணும். பருவம் முடியும்போது அவரவர் ஃபைலிலிருந்து மூன்று தாள்களை எடுத்து, ஏன் எடுத்தோம் என்று சொல்லணும். இவ்வளவுதான் விதி.

ஒரு பெண். வீட்டில் ஆடு மேய்ப்பவர்கள். ஜூன் மாதத் தாளில் நான்கு சொற்கள், நடுவில் இடைவெளிகூட இல்லை. மார்ச்சில் முக்கால் பக்கம்: ராத்திரி ஆடு குட்டி போட்டது, அம்மா டார்ச் பிடித்தது, இரண்டாவது குட்டி மூச்சுவிடாமல் கிடந்ததும் அப்பா அதன் மூக்கில் ஊதியது. ல, ள, ழ எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. ஆனால் அந்தக் குட்டி பிழைக்குமா என்று தெரியாமல் நான் அடுத்த வரிக்கு ஓடினேன். அதே பருவத்தேர்வில் தமிழில் அவளுக்கு அறுபதுக்குப் பத்தொன்பது. வளரறி மதிப்பெண்ணைச் சேர்த்தும் சி2.

தாள் தேர்ந்தெடுக்கும் நாளில் அவள் முதலில் எடுத்தது ஜூன் தாளை.

"இது எதுக்குடி?"

"இத வெச்சாத்தான் டீச்சர் அது பெருசாத் தெரியும்."

பார்வையிட வந்த அதிகாரி ஒருவருக்கு இது பிடிபடவில்லை. "தப்புத் தாளெல்லாம் ஏன் வெச்சிருக்கீங்க? நல்லத மட்டும் வைங்க." நான் எடுக்கவில்லை. நல்லதை மட்டும் வைத்தால் அது கல்யாண ஆல்பம்.

இதற்கு எப்படி மார்க் போடுவது என்பார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1990களின் தொடக்கத்தில் 4, 8ஆம் வகுப்புகளுக்குக் கணிதத்திலும் எழுத்திலும் மாநிலம் முழுக்க இதைச் செய்து பார்த்தது. ராண்ட் நிறுவனம் ஆராய்ந்தபோது, ஒரே கோப்புக்கு வேறுவேறு ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண்கள் சரியாக ஒத்துப்போகவில்லை. ஆனால் வகுப்பில் கற்பிக்கும் விதம் மாறியிருந்தது. கணக்கில் யோசிக்கவும் விளக்கவும் ஆசிரியர்கள் கூடுதல் நேரம் கொடுத்திருந்தார்கள். என்னைக் கேட்டால், ஃபைலுக்கு மார்க் போடவே கூடாது. அதை உட்கார்ந்து படிக்கணும், பிள்ளையோடு பேசணும். நாற்பது பேர் வகுப்பில் அதற்கு நேரம் ஏது என்றால், அது நேரத்தைப் பற்றிய சண்டை. அதைத் தனியாகப் போடலாம்.

ஆறாம் வகுப்புக்கு அவள் பக்கத்து ஊர் பள்ளிக்குப் போகணும். டி.சி. வாங்க அம்மா வந்திருந்தார். மதிப்பெண் அட்டையைப் பார்த்து, "இவளுக்குப் படிப்பு வரலையா டீச்சர்? ஆட்டோடயே விட்டுறலாமாங்கிறாரு அவங்கப்பா" என்றார். நான் ஃபைலை எடுத்து மார்ச் தாளைப் படித்துக் காட்டினேன். குட்டி எழுந்து நின்ற இடத்தில் அவர் சிரித்துவிட்டார். "ஆமா, இவதான் அன்னைக்குத் தூங்காம உக்காந்திருந்தா."

டி.சி.யோடு ஃபைலையும் பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அந்த ஸ்கூல்ல இதப் படிப்பாங்களா டீச்சர்?"

"நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க. ஜூன் தாளை மேல வைங்க."