எழுவாய் தேடும் ஒரு சொல்

பிறமொழியொன்றைக் கற்போர் அம்மொழியின் பெருஞ்சொற்களிற் பெரும்பாலும் இடறுவதில்லை. சுதந்திரம், நீதி, நாகரிகம் முதலியவற்றுக்கு அகராதி உடனே விடை கூறிவிடுகின்றது. இடறச் செய்வன சிறுசொற்களே. அவற்றுள் ஒன்று, ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் 'சோர்' என்பது. நாள்தோறும் செய்தே தீரவேண்டிய, சலிப்பூட்டும் சிறுபணியைக் குறிக்கும் பெயர்ச்சொல் அது. தமிழெழுத்தில் எழுதுங்கால் அது 'சோர்தல்' என்னும் வினையின் பகுதியாகவே தோற்றமளிப்பது ஒரு வேடிக்கை. இரு சொற்களுக்கும் பிறப்பால் உறவில்லை. எனினும், அவ்வேலையைச் செய்து களைத்தவர் எவரும் இவ்வொற்றுமையைப் பொருளற்றதென்று தள்ளமாட்டார்.

முதலாண்டு மாணவர் ஆங்கிலம் பயிலும்போது, ஒரு சொல்லைத் தந்து வசனத்தில் அமைக்கச் சொல்லும் பயிற்சி வழக்கமானது. 'சோர்' என்பதை அமைப்பதற்குச் சில நியமங்கள் உள. வேலையைப் பொதுவாகக் குறிக்கும் 'வேர்க்' என்னும் சொல் அப்பொருளிற் பன்மை ஏற்பதில்லை, 'சோர்' ஏற்கும். வீட்டு வேலைகளைக் குறிக்குமிடத்து அது பெரும்பாலும் பன்மையிலேயே வரும். ஒன்று முடிய மற்றொன்று காத்திருக்கும் என்பதை இலக்கணமும் ஒப்புக்கொண்டது போலும். ஒருமையில் வரும்போதோ, வீட்டோடு தொடர்பில்லாத சலிப்பையும் அது குறிக்கலாம். நீண்ட அறிக்கையைப் படிப்பதும் படிவம் நிரப்புவதும் அவ்வகையின.

நியமம் தவறாத வசனங்களே ஈண்டு கவனத்துக்குரியவை. 'அம்மா விடியுமுன் எழுந்து வீட்டு வேலைகளைச் செய்கிறாள்', 'பாடசாலை விட்டு வந்ததும் அக்கா வேலைகளை முடிக்கிறாள்' என்றவாறு பன்மை வசனங்கள் அமையும். ஒருமை வசனமோ, 'இந்நூலைப் படிப்பது எனக்கு ஒரு சோர்' என அமையும். முன்னையவற்றில் வேலை உண்டு, செய்பவளின் சலிப்பு இல்லை. பின்னையதிற் சலிப்பு உண்டு, அடுப்போ தும்புத்தடியோ இல்லை. இலக்கணப்படி யாவும் சரியே. ஆசிரியரின் சிவப்பு மைக்கு அங்கே வேலை கிடையாது.

இச்சொல்லின் வரலாறு வேறொன்றைக் கூறுகின்றது. 'திரும்புதல்', 'தடவை' என்னும் பொருள்களைத் தந்த பழைய ஆங்கிலச் சொல்லொன்றே இதன் மூலம். ஒரு தடவை செய்யும் வேலை என்னும் பொருளுக்கு அது பின்னர் நகர்ந்து, 'சார்' என்னும் வடிவில் வழங்கியது. பிறர் வீடுகளிற் கூலிக்குத் துப்புரவு செய்த பெண் 'சார்வுமன்' எனப்பட்டது அதன் வழியேயாம். 'சோர்' என்னும் வடிவம் அமெரிக்காவிற் பெருவழக்காயிற்று. அங்கே பண்ணை வீடுகளில் மாட்டுக்குத் தீனி வைப்பதும் விறகு பிளப்பதும் ஆண்மக்களின் 'சோர்'களாய் இருந்தன. ரூத் சுவார்ட்ஸ் கோவன் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர், தாய்க்கு மேலும் வேலை என்னும் பொருள்படும் தலைப்பில் 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். இரும்படுப்பும் ஆலை மாவும் வந்தபோது ஆண்களும் சிறுவரும் செய்துவந்த வேலைகள் குறைந்தன, தாயின் வேலை குறையவில்லை என்பது அவர் காட்டும் உண்மை. பலர் பகிர்ந்த சுமை ஒருத்தியின் தோளில் வந்து தங்கிற்று.

இனி, இச்சொல்லைத் தமிழாக்க முனைவோர் 'எடுபிடி வேலை' என்பர். 'சில்லறை வேலை' என்பர். முன்னது பிறர் ஏவலைக் குறிக்கும். பின்னது அற்பம் என்னும் தொனியைத் தரும். ஈழத்துப் பேச்சு வழக்கிலுள்ள 'தொட்டாட்டு வேலை' என்பதே ஓரளவு அண்மித்தது. ஆயினும் தொட்டுவிட்டுப் போகும் இலேசு ஒன்று அதிலும் ஒலிக்கின்றது. நாள் முழுவதும் நீளும் உழைப்புக்கு இலேசான பெயரிடுவது, அதனைக் கணக்கில் எடாமைக்கு முதற்படி.

மூலச்சொல்லின் 'தடவை' என்னும் கருத்தோ தமிழில் 'முறை' என்பதில் அடங்கும். யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணறுகளில் இறைப்புக்கு முறை உண்டு. கோயிற் பூசைக்கும் முறை உண்டு. தன் முறை தவறினால் மனக்கசப்பு. பிறன் முறையைப் பறித்தால் வழக்கு. அரிசி களைதற்கும் தேங்காய் துருவுதற்கும் சட்டிபானை கழுவுதற்கும் மட்டும் முறை வகுத்தாரில்லை. உரிமையைப் பங்கிட முறை கண்ட சமூகம், சுமையைப் பங்கிட அதனைக் காணவில்லை.

இவ்வேலைகள் செய்தால் எவர் கண்ணிலும் படா. செய்யாதுவிட்டால் வீடே அறியும். 1975 ஒக்டோபர் 24ஆம் நாள் ஐஸ்லாந்தில் ஒரு நாடே அறிந்தது. அங்குள்ள பெண்களில் ஏறத்தாழ 90 வீதமானோர் அன்று தொழிலகத்திலும் வீட்டிலும் வேலை செய்யாது நின்றனர். தந்தையர் பலர் பிள்ளைகளைத் தம் வேலைத்தலங்களுக்குக் கூட்டிச்செல்ல நேர்ந்தது. அடுத்த ஆண்டு அந்நாட்டுப் பாராளுமன்றம் ஆண் பெண் சமத்துவச் சட்டமொன்றை நிறைவேற்றியது.

இன்று இலங்கைப் பல்கலைக்கழகக் கலைப்பீடங்களிற் பயில்வோருட் பெரும்பான்மையினர் பெண்கள். விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவனும் மாணவியும் ஒரே பட்டத்துக்குப் படிப்பவர்கள்; ஒரே பரீட்சைக்கு ஆயத்தம் செய்பவர்கள். வீட்டுப் படலையைத் திறந்ததும் அவள் அடுப்படிக்கும் அவன் சாய்மனைக் கதிரைக்கும் செல்வதற்கு எந்தப் பாடத்திட்டத்திலும் நியாயம் இல்லை. அவள் கொப்பியை விரிக்கும் நேரத்தில் வீடு உறங்கிவிடுகின்றது. பெறுபேற்றுப் பட்டியல் இருவரையும் ஒரே அளவுகோலால் அளக்கும். அவள் இழந்த நேரத்துக்கு அதில் நிரல் இல்லை.

வசனத்தின் எழுவாய் மாறாது பயனிலையை மட்டும் திருத்துவதாற் பயனில்லை. தாய்க்கு 'உதவி' செய்வதாகச் சொல்லும் மகன், அவ்வேலை அவளுடையதே என்று மறுபடியும் உறுதிசெய்கிறான். தான் உண்ட கோப்பையோடு வீட்டாரின் கோப்பைகளையும் எடுத்து, 'இன்றைக்கு என் முறை' என்று அவன் சொல்லும் நாளில், அகராதிகளுக்கு அகப்படாத அச்சொல்லுக்குச் சரியான தமிழ் கிடைத்துவிடும்.