"தம்பி, தொப்பி கேக்கல"

மேடையிலிருந்து மைக்காரரை நோக்கி வரும் விரல் எப்போதும் மேலேதான் காட்டும். இறக்கச் சொல்லும் விரல் அபூர்வம். பாடகர் வலது கையால் தாளம் போட்டுக்கொண்டே இடது கைச் சுட்டுவிரலை உயர்த்துவார். வயலின்காரர் வில்லாலேயே மானிட்டரைக் காட்டுவார். மிருதங்க வித்வானுக்குச் சைகையெல்லாம் சரிப்படாது, இடது பக்கத் தோலான தொப்பி கேட்காவிட்டால் நேராகச் சொல்லிவிடுவார்: "தம்பி, தொப்பி கேக்கல." அதே நேரத்தில் முன்வரிசை மாமா ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்து முறைப்பார். இத்தனையும் வர்ணம் அனுபல்லவிக்கு வருவதற்குள்.

வர்ணத்தில் இது நடக்கக் காரணம் இருக்கிறது. டிசம்பர் சீசனில் சபாக்களில் கச்சேரி மேல் கச்சேரி. ஒருவர் மங்களம் பாடி எழுந்ததும் அடுத்தவர் ஜமக்காளத்தில் உட்கார்ந்து சுருதி சேர்க்க ஆரம்பித்துவிடுவார். அந்த இடைவெளியில் ஒயரை மாற்றி மைக்கைத் திருப்பி வைத்தால் போதும் என்பதுதான் ஏற்பாடு. டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு எதிரே பாடப்படும் வர்ணம்தான் எங்களுக்கு சவுண்ட் செக்.

"ஏத்துங்க" என்று கலைஞர் சொல்வது பெரும்பாலும் அரங்கத்துக்காக அல்ல. பெரிய ஸ்பீக்கர்கள் மேடைக்கு முதுகு காட்டி நிற்கின்றன. பாடகருக்குக் கேட்பது எதிரிலுள்ள மானிட்டரும், கைக்கெட்டும் தூரத்தில் முழங்கும் மிருதங்கமும்தான். தன் குரல் தனக்கே கேட்காவிட்டால் சுருதியில் நிற்பது கஷ்டம். தொண்டையை அழுத்திப் பாடத் தோன்றும். அவர் மானிட்டரை ஏற்றினால் மிருதங்கக்காரருக்குத் தன் வாசிப்பு கேட்காது, ஓங்கி வாசிப்பார். அது பாடகரின் மைக்கிலும் புகும். வயலின் அடுத்து விரல் நீட்டும். எல்லாரும் ஏறிய பிறகு ஒரு ஊளை வரும், சபையே முகம் சுளிக்கும். திறந்திருக்கும் மைக்குகள் இரண்டு மடங்கானால், ஊளையில்லாமல் தரக்கூடிய அளவில் 3 டெசிபெல் குறைந்துவிடும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். கடம், கஞ்சிரா, முகர்சிங், பின்பாட்டு என்று மேடை நிறைய நிறைய எனக்கு மிஞ்சும் இடம் சுருங்கிக்கொண்டே போகும்.

அதனால் பாடகர் விரல் உயர்த்தினால் நான் முதலில் அவருடைய மானிட்டரில் மற்றவர்களைக் குறைப்பேன். தன் குரல் ஏறிவிட்டது என்று நினைத்துத் தலையசைப்பார். எங்கள் ஆட்களில் சிலர் இதைவிடச் சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். எந்தச் சானலுக்கும் இணைக்காத ஒரு ஃபேடரைத் தள்ளிக் காட்டுவார்கள்; பாதி நேரம் மேடையிலிருந்து "இப்ப சரி" என்று பதில் வரும். டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரிப்பதும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ஃபேடர் விளையாட்டு பழகிவிட்டால், வித்வான் நிஜமாகவே ஒரு குறையைச் சொல்லும்போதும் நம் கை அங்கேதான் போகும்.

நிஜமான குறைகள் நிறையவே உண்டு. அளவு விஷயத்தில் மேடையில் இருப்பவர் ஏமாறலாம், ஏனென்றால் அரங்கத்தில் என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியே இல்லை. நாதம் வேறு. "சாப்பு தகரம் மாதிரி இருக்கு" என்று ஒரு மிருதங்க வித்வான் சொன்னால் அது தகரமாகத்தான் இருக்கும். வலது பக்கமான வலந்தலையின் நடுவே உள்ள கரிய பூச்சு, கரணைதான் அந்தத் தோலின் மேல்சுரங்களை ஒன்றோடொன்று இசைய வைக்கிறது, சி.வி. ராமன் இதை 1920-லேயே எழுதி, 1934-ல் விரிவாக விளக்கினார். அந்தச் சுரங்கள் எல்லாம் தோலின் ஒரே புள்ளியிலிருந்து வருவதில்லை. மைக்கை நாலு விரல் தூரத்தில் வைத்தால் மீட்டு ஒரு மாதிரியும் சாப்பு வேறு மாதிரியும் கேட்கும். தொப்பிப் பக்கம் இன்னும் சிக்கல். கிட்டே வைத்த மைக் கீழ்ச்சுரத்தை ஊதிப் பெரிதாக்கும், கும்கியின் நெளிவு போய் வெறும் 'தொம்' மட்டும் அரங்கத்தில் உருளும். இதற்கிடையில் தொப்பியில் அப்பிய ரவையும் காய்ந்துகொண்டிருக்கும். பாதிக் கச்சேரியில் "தொப்பி கேக்கல" என்றால், ஃபேடரைத் தொடும் முன் அவர் ரவையை நனைக்கிறாரா என்று பார்ப்பேன்.

மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் ஒரு காலகட்டத்தில் மைக் வைத்த கச்சேரிகளுக்கு வாசிக்கவே மறுத்தார். பிடிவாதம் என்று அதைக் கதையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு நான் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் அவர் காது தப்பாகக் கேட்கவில்லை.

குரலுக்கு வருவோம். 1933-ல் மறைந்த நாடக நடிகர் கிட்டப்பா மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் உச்சஸ்தாயியில் பாடிக் கடைசி வரிசையை எட்டியவர். மைக் வந்த பிறகு இறங்கிய சுருதியில், மெல்லிய கமகத்தோடு பாட முடிந்தது. இன்றைய கச்சேரிக் குரலில் பாதி மைக் கொடுத்தது. ஆனால் மைக் கழுத்தைத் திருப்ப விடாது. வாய் 10 செ.மீ. தூரத்திலிருந்து 20 செ.மீ.க்குப் போனால் 6 டெசிபெல் போய்விடும். ஸ்வரம் பாடும் உற்சாகத்தில் மிருதங்கத்தின் பக்கம் திரும்பினால் அதற்கும் மேல். "அசையாம பாடுங்க" என்று சொல்லும் மைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அது என்ன நியாயம்? ஃபேடரில் விரலை வைத்துக்கொண்டு பாடகரின் தோளைப் பார்த்தபடி இருந்தால், திரும்புவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

முடிந்த நாளில் கச்சேரிக்கு முன்பே மேடைக்குப் பின்னால் போய், மிருதங்கம் சுருதி சேர்ப்பதை மைக் இல்லாமல் கேட்டுவிடுவேன். பிறகு அரங்கத்தில் எதைத் தேடுவது என்று எனக்குத் தெரியும். எந்த வித்வானும் இதுவரை வேண்டாம் என்று சொன்னதில்லை. இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டிக்கூடக் காட்டுவார்கள். இரண்டு கச்சேரிக்கு நடுவே அரை மணி விட்டால் இதைத் தினமும் செய்யலாம் என்று ஒரு சபா செயலாளரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அரை மணிக்கு ஒரு ஜூனியர் ஸ்லாட் போடலாமோ?"