புறாமலைக்குப் பத்து நிமிடப் பயணம்

திருகோணமலைக்கு வருகிறவர்கள் துறைமுகத்தையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் பார்த்துவிட்டு, மாலையில் நிலாவெளிக் கடலில் கால் நனைத்துத் திரும்பி விடுகிறார்கள். அந்தக் கரையில் நின்று பார்த்தால், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் பாறையும் பற்றையுமாக ஒரு திட்டுத் தெரியும். அதுதான் புறாமலை. புறாத்தீவு என்றும் சொல்வார்கள். மாடப்புறாக்கள் அங்குள்ள பாறை இடுக்குகளில் கூடு கட்டுவதால் வந்த பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் கடற்படையினர் சுட்டுப் பழகிய இடமாம். 1963இல் சரணாலயமாகவும், 2003இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது.

எங்கள் வீட்டிலிருந்து நிலாவெளி தூரமில்லை. இருந்தும் இத்தனை வருடம் நாங்கள் போகாததற்குக் காரணம் என் மாமி. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்த நாளிலிருந்து அவர் கடற்கரைப் பக்கமே தலை வைத்ததில்லை. மீனை ஆய்ந்து அருமையாய்ச் சமைப்பார். கடலைப் பார்க்க மட்டும் வரமாட்டார். சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் பேரப்பிள்ளைகள் நச்சரித்ததால், "நான் கரையில் இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று புறப்பட்டார்.

நாங்கள் 11 பேர். படகுக்காரத் தம்பி எடுத்துப் போட்ட உயிர்காப்பு அங்கிகள் ஆறு. கேட்டால், "பத்து நிமிசம்தானே ராத்தா, பயப்படாதீங்க" என்றார். என் கணவரும் பேசாமல் காலணியைக் கழற்றத் தொடங்கிவிட்டார். (ஆண்களுக்கு இந்த விடயத்தில் எங்கிருந்துதான் தைரியம் வருகிறதோ!)

மரநிழலில் உட்கார்ந்திருந்த மாமி எழுந்து வந்தார். "தம்பி, குறிஞ்சாக்கேணிப் பாதை எத்தனை நிமிசம் ஓடினது?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

வெளியூர்ச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாலத்து வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், மக்கள் ஒரு மிதவைப் படகில்தான் அக்கரை போனார்கள். அதைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் மௌத்தானார்கள். அதுவும் சிறு தூரம்தான்.

தம்பி மறுபேச்சுப் பேசவில்லை. பக்கத்துப் படகுகளில் போய் ஐந்து அங்கிகளைக் கேட்டு வாங்கி வந்தார். மாமி ஒவ்வொன்றின் வாரையும் இழுத்துப் பார்த்தார். கடைசியில், "எனக்கும் ஒன்று கொண்டு வா" என்றாரே பார்க்கலாம்!

இங்கிலாந்தில் இருக்கும் என் ராத்தாவின் மகள் அண்மையில் ஒரு படகு விடுமுறை போய் வந்தாள். ஏழடி அகலமே உள்ள நீளப் படகுகளை வாடகைக்கு எடுத்து, அதிலேயே சமைத்து, உறங்கி, கால்வாய் வழியே ஊர் ஊராகப் போவார்களாம். வழியில் ஹெயார்காஸில் என்றொரு சுரங்கம். 1827இல் திறந்தது. மலையைக் குடைந்த இருட்டுக்குள் இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேல், முக்கால் மணி நேரம் போகவேண்டும். அதற்குப் பக்கத்தில் 1777இல் தோண்டிய பழைய சுரங்கத்தில் குதிரை நடக்கக்கூட வழியில்லை. படகோட்டிகள் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்துப் படகை நகர்த்தினார்களாம். இன்றும் சுரங்க வாயிலில் காவலர் ஒருவர் நின்று, படகின் விளக்கையும் ஊதுகுழலையும் சோதித்த பிறகே உள்ளே விடுகிறார் என்றாள். அலையே இல்லாத ஒரு கால்வாய்க்கு இத்தனை கவனிப்பு!

சரி, தீவுக்கு வருவோம். பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறினோம். மாமி போகும்போது கண்ணைத் திறக்கவேயில்லை. இறங்கியதும் காலடியில் கிடந்தது மணலா, உடைந்த முருகைக்கல்லா என்று பிரித்தறிய முடியவில்லை. செருப்பில்லாமல் நடக்காதீர்கள். இடுப்பளவு தண்ணீரிலேயே நீலமும் மஞ்சளுமாக மீன்கள் கூட்டமாய் வந்து போகின்றன. ஏறக்குறைய 100 வகை முருகைக்கற்களும் 300 வகை மீன்களும் இங்கே இருப்பதாகக் கணக்கு. செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்களும் உண்டு. அவை ஆளைக் கண்டு விலகிப் போகிறவைதான், ஆனால் என் மகளின் அலறலைக் கேட்டு விலகாத உயிர் எது? தண்ணீரில் இறங்க நினைக்கும் சகோதரிகள் நீண்ட அபாயாவோடு இறங்க வேண்டாம், காலைச் சுற்றிக்கொள்ளும். காற்சட்டையோடு சேர்ந்த முழுநீள நீச்சல் உடைகள் இப்போது கிடைக்கின்றன.

வாடைக் காலத்தில், அதாவது நவம்பர், டிசம்பரில் கடல் கொந்தளிக்கும். மே முதல் செப்டம்பர் வரை அமைதி. காலை வேளையே நல்லது. குடிநீரைக் கையோடு கொண்டு போங்கள். போத்தலைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

முருகைக்கல் கல்லைப்போல் இருந்தாலும் உயிருள்ளது. மிதித்தால் உடைந்துவிடும், பழையபடி வளர வருடக்கணக்காகும். ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காக இதை வெட்டி எடுத்துச் சூளையில் சுட்டார்கள். இப்போது பூங்காவிலிருந்து செத்த துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது. புறப்படும் நேரத்தில் சின்னப் பேத்தியின் பைக்குள்ளிருந்து மாமி ஒரு துண்டைக் கண்டுபிடித்து, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். அவள் கரை வரும்வரை அழுதாள். வரும்போது மாமியின் கண் திறந்திருந்தது. ஒரு கை படகின் விளிம்பிலும் மறுகை அழுகிறவளின் தோளிலும் இருந்தன. கரையில் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்து, லுஹருக்கு வீடு வந்து சேர்ந்தோம்.