கணினி தேடி வவுனியாவுக்கு

காலபோக அறுவடை முடிந்து, களத்து வேலைகளும் ஓய்ந்து, வன்னி நாட்டவர் சற்றே இளைப்பாறும் மாசி மாதத்திற் பிரயாணம் புறப்படுவது எமக்கு என்றும் உவப்பான காரியம். கோயில் தரிசனத்துக்கோ, உறவினர் வீட்டுக் கலியாணத்துக்கோ போவதே வழக்கம். இம்முறை நாம் புறப்பட்ட நோக்கம் சற்று விசித்திரமானது. கிளிநொச்சியிலுள்ள எமது தமக்கையாரின் மகனுக்கு விளையாட்டுக் கணினி ஒன்றின் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தெரிந்து வாங்குவதற்காக வவுனியாவுக்குச் சென்றோம்.

மருமகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருப்பவன். அவன் தகப்பனார் கமக்காரர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த வெள்ளத்துக்குத் தப்பிய நெல்லை விற்று, கடன் கொடுத்தவர்க்கும் உர வியாபாரிக்கும் கொடுத்தது போக எஞ்சியதில் இரண்டு இலட்சம் ரூபாவை எண்ணி எமது கையில் வைத்தார்.

“பெடியன் ஆசைப்படுறான், மச்சான். விளையாட்டுக்கெண்டாலும் படிப்புக்கும் உதவுமாம். ஆனால் இதுக்கு மேல என்னட்டை ஒரு சதமும் இல்லை. கெதியிலை பழுதாப்போற சாமானை மட்டும் வாங்கிப்போடாதேங்கோ” என்றார் அத்தான்.

கணினிக் கடைகளில் அத்தொகை பெரிதன்று. ஆனால் அது ஒரு போகத்து வியர்வை என்பதை மறந்து எம்மாற் பஸ் ஏற இயலவில்லை.

பையனோ இன்னொரு நிபந்தனையும் விதித்திருந்தான். பெட்டி சிறியதாயிருத்தல் வேண்டும். வீட்டிலுள்ள ஒரே மேசை தங்கையோடு பங்கிட்ட மேசை. பல்கலைக்கழகம் கிடைத்தால் விடுதிக்கும் அதனைத் தூக்கிச் செல்லவேண்டும். வெளிநாடு சென்ற ஒன்றுவிட்ட தமையன் விட்டுச்சென்ற திரையும் விசைப்பலகையும் ஏற்கெனவே இருந்தமையால், பெட்டியையும் அதனுள்ளே வேண்டியவற்றையுமே வாங்கவேண்டியிருந்தது.

காலை ஆறரை மணிக்குக் கிளிநொச்சியிற் பஸ் ஏறினோம். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதி இப்பகுதியில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றது. வீதிக்குக் கிழக்கே, பிரயாணியின் கண்ணுக்கெட்டாத தொலைவில், கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கட்டப்பெற்ற இரணைமடுக் குளம் இருக்கின்றது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடக் கட்டடங்கள் தோன்றியபோது, பையன் ஜன்னலோரமாகத் திரும்பி அவை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனத்தில் ஓடியதை நாம் கேட்கவில்லை.

முறிகண்டியில் வண்டி நின்றது. பிள்ளையாரை வணங்காமல் இவ்வழியே வண்டி ஓட்டுவோர் அரியர். தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, சூடான கச்சானும் வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறினோம். கொக்காவிலில் 2011ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற 174 மீற்றர் உயர ஒலிபரப்புக் கோபுரம் காட்டுக்கு மேலே நிமிர்ந்து நின்றது. முல்லைத்தீவுக்கு வழி பிரியும் மாங்குளத்தையும், கனகராயன்குளத்தையும், புளியங்குளத்தையும் கடந்து ஓமந்தையை அடைந்தோம்.

ஓமந்தை என்றதும் எமது தலைமுறையினர்க்கு உள்ளம் சற்றுக் கனக்கும். யுத்த காலத்திற் சோதனைச் சாவடி இருந்த இடம் அது. 1990களிற் பொருளாதாரத் தடை நிலவியபோது, பெற்றோலும், சீமெந்தும், வானொலிக்குப் போடும் பற்றரியுங்கூட வன்னிக்குட் செல்ல அனுமதிக்கப்படவில்லை. தெற்கே வவுனியா நகரில் மின்விளக்குகள் எரிய, வடக்கே கிராமங்கள் இருளில் மூழ்கியிருந்தன. பழைய ஜாம் போத்தலுக்குட் சிறிது பஞ்சும், அதனை நனைக்கும் அளவு மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கின் கீழிருந்தே எமது தமக்கையார் படித்தார். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தைக் கொண்டு மக்கள் வானொலிச் செய்தி கேட்டனர். உள்ள உறுப்புகளைக் கொண்டு இல்லாத ஒன்றை ஆக்கிக்கொள்ளும் வித்தை வன்னி மக்களுக்குப் புதியதன்று.

ஒன்பது மணியளவில் வவுனியாவில் இறங்கினோம். 2021 ஓகஸ்ட் முதலாந் திகதி தொட்டுத் தனக்கெனப் பல்கலைக்கழகம் ஒன்றைப் பெற்ற ஊர் இது. மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கடந்து கடைத்தெருவில் நுழைந்து, கணினிப் பொருள் விற்கும் கடையொன்றுள் அடியெடுத்து வைத்தோம்.

நுழைந்ததுமே பையனின் கண்கள் ஒரு பெட்டியில் நிலைத்துவிட்டன. பக்கமும் முன்புறமும் கண்ணாடி. உள்ளே செம்மை, நீலம், பச்சை என நிறம் மாறி ஒளிரும் விசிறிகள். கோயிற் சப்பறம் போன்ற அலங்காரம்! பாவித்த றேடியன் ஆர்.எக்ஸ். 580 வரைகலை அட்டையும் பூட்டி, மின்வழங்கியும் சேர்த்து, எமது தொகைக்குள் அடங்கும் விலையே சொன்னார்கள்.

“மாமா, இதையே எடுப்பம்! 8 ஜீபீ கார்ட் மாமா!” என்றான் பையன்.

நாம் உடனே மறுப்புச் சொல்லவில்லை. இதிற் பூட்டிய உறுப்புகளின் பெயர்களை ஒரு துண்டிற் குறித்துத் தருமாறு கேட்டு வாங்கிக்கொண்டு, அண்மையிலிருந்த தேநீர்க்கடைக்கு அவனை அழைத்துச் சென்றோம். இரண்டு பிளேன்ரீக்குச் சொல்லிவிட்டு, காகிதமும் பேனாவும் எடுத்து அவன் கையிலேயே கொடுத்தோம்.

வாசகர்களில் இத்துறை அறியாதார்க்காகச் சிறிது விளக்குவோம். கணினியின் மூளை செயலி. திரையிற் காட்சிகளைத் தீட்டுவது வரைகலைப் பகுதி. இவற்றையெல்லாம் தாங்குவது தாய்ப்பலகை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ற் மின்சாரத்தை இவ்வுறுப்புகள் ஏற்கத்தக்க சிறு அளவாக மாற்றிக் கொடுப்பது மின்வழங்கி. விளையாட்டுப் பிரியர் முதலில் நாடுவது வரைகலை அட்டையை. இறுதியில் நினைப்பது மின்வழங்கியை. பெரும்பாலான துன்பங்கள் இவ்விடத்திலேயே பிறக்கின்றன.

பையன் கணக்குப் போட்டான். செயலிக்கு 65 வாற்று. அவ்வரைகலை அட்டைக்கு மாத்திரம் 185 வாற்று. கடைத் துண்டிலோ மின்வழங்கிக்கு நேரே உற்பத்தியாளர் பெயரும் இல்லை, தரச்சான்றும் இல்லை. மேலும் ஆர்.எக்ஸ். 580 என்பது 2017இல் வெளிவந்த அட்டை. ஈதீரியம் என்னும் எண்ணிமப் பணத்தை ஈட்டுவதற்காக உலகெங்கும் இத்தகைய அட்டைகளை இரவு பகலாக ஓட்டினர். 2022 செப்ரெம்பர் 15ஆந் திகதி அப்பணம் வேறு முறைக்கு மாறியதும், உழைத்துக் களைத்த அட்டைகள் பழைய பொருட் சந்தையிற் குவிந்தன. எல்லாம் பழுது என்று சொல்லுதல் அநியாயம். எனினும் எது நல்லது, எது களைத்தது என்று வெளியே பார்த்து அறிதல் அரிது.

“தம்பி, இரணைமடு நிறையத் தண்ணி நிக்குது, ஆனால் துருசு பழுது, வாய்க்கால் உடைவு எண்டால் உங்கட வயலுக்கு என்ன வரும்?” என்று கேட்டோம்.

அவன் சிரித்தான். “விளங்குது மாமா” என்றான். ஆனால் முகம் வாடியிருந்தது. பதினெட்டு வயதில் ஒளிரும் பெட்டியை விட்டு எழுந்து வருதல் இலகுவான காரியமன்று.

சிறிது நேரம் தேநீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தவன், தானாகவே அடுத்த தாளை எடுத்து எழுதத் தொடங்கினான். “முதலிலை நல்ல மின்வழங்கி. கார்ட் பிறகு வாங்கலாம்.” அவ்வொரு வரியை அவன் எழுதியபோது, வந்த காரியத்திற் பாதி முடிந்தது என எண்ணினோம்.

பின்னர் இன்னொரு கடையிற் பொறுமையாக ஒவ்வொன்றாகத் தெரிந்தோம். செயலி, ஏ.எம்.டி. நிறுவனம் 2021இல் வெளியிட்ட றைசன் 5 5600ஜி. ஆறு கருக்கள் கொண்ட இதனுள்ளேயே வரைகலைப் பகுதியும் அடங்கியிருப்பதால், தனி அட்டை இன்றியே வேலை தொடங்கலாம். 2024இல் வந்த 8600ஜி இதனினும் வல்லதுதான். ஆனால் அதற்கு டீ.டீ.ஆர். 5 என்னும் புதுவகை நினைவகம் வேண்டும். செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருவாரியாக வாங்கியமையால், 2025 இறுதியிலிருந்து நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறிவிட்டது. அமெரிக்காவில் எழும் நிலையங்களின் பசி, வவுனியாக் கடைத்தெருவில் எமது மடிசீலையைத் தொட்ட விந்தையை என்னென்பது!

பழைய வகை நினைவகத்திலேயே 16 ஜீபீ எடுத்தோம். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 16 ஜீபீ தகடு ஒன்றை வாங்காது, 8 ஜீபீ தகடு இரண்டை வாங்கினோம். உள்ளடங்கிய வரைகலைப் பகுதிக்குத் தனி நினைவகம் இல்லை; பொது நினைவகத்தையே அது பங்கிட்டுக் கொள்கின்றது. தகடு இரண்டாயின் தரவு இரு வழியால் ஓடும்; இரட்டை மாடு பூட்டிய வண்டிபோல் இழுவை கூடும்.

தாய்ப்பலகையிற் சிறுமைக்குத் தனி விலை இருப்பதைக் கண்டோம். தாய்வானிய நிறுவனமாகிய வியா 2001இல் அறிமுகஞ் செய்த மினி ஐ.ரீ.எக்ஸ். பலகை 170 மில்லிமீற்றர்ச் சதுரம், உள்ளங்கை இரண்டளவுதான். அதற்கேற்ற பெட்டியும், சிறிய மின்வழங்கியும் சேர்ந்தால் விலை எட்டாது போய்விடும். 244 மில்லிமீற்றர்ச் சதுரமான மைக்ரோ ஏ.ரீ.எக்ஸ். பலகையோ மலிவு, அதற்கான கச்சிதமான பெட்டியும் மேசையின் ஒரு மூலைக்குள் அடங்கும். ஆகவே பையன் தன் ஆசையில் நான்கு விரற்கடையை விட்டுக்கொடுத்தான்.

பெட்டியின் முன்புறம் கண்ணாடியின்றி வலையாக இருக்கப் பார்த்துக்கொண்டோம். பங்குனி, சித்திரை வெயிலிற் கிளிநொச்சி வீட்டறையில் மனிதனுக்கே மூச்சு முட்டும்போது, கண்ணாடிக்குள் அடைபட்ட கணினி என்ன செய்யும்? காற்று வலைவழியே உட்புகுந்து, சூட்டை ஏந்திக்கொண்டு பின்புறத்தால் வெளியேறுதல் வேண்டும்.

மின்வழங்கி 450 வாற்று. 80 பிளஸ் தரச்சான்றுடையது. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாது பயனாக்கும் என்பதே அச்சான்றின் பொருள். இதற்குக் கூடுதலாக ஒரு யூ.பி.எஸ்.ஸும் வாங்கினோம். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியதை எவரும் மறந்திலர். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலங்கை முழுதும் ஒருங்கே இருண்டதற்குப் பாணந்துறை உபமின் நிலையத்துட் புகுந்த குரங்கொன்றே காரணமென அமைச்சரே கூறினார். அன்று வாலில் நெருப்போடு இலங்கையை எரித்த வானரம் போய், விளக்கையெல்லாம் அணைத்த வானரத்தையும் கண்டுவிட்டோம்! மாரியில் இடி முழங்கும் எமது பகுதிக்கு யூ.பி.எஸ். ஆடம்பரமன்று, காவல்.

500 ஜீபீ எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தையும் வாங்கிக் கணக்குத் தீர்த்தபோது, மூவாயிரத்துச் சொச்சம் ரூபா மிஞ்சியது. எதையும் விடாது அட்டைப்பெட்டிகளாக்கி, குழந்தையை ஏந்துவதுபோல் மடியில் வைத்துக்கொண்டு பையன் பஸ்ஸில் அமர்ந்தான். அந்தி வேளையில் வண்டி ஓமந்தையைக் கடந்தது. எவரும் எம்மை இறக்கவில்லை. எந்தப் பெட்டியையும் திறக்கச் சொல்லவில்லை. அவனுக்கு அஃது இயல்பு; எமக்கு இன்னும் வியப்பு.

இரவு உணவு முடிந்ததும் பாய் விரித்து, அதன்மேல் உறுப்புகளைப் பரப்பிப் பூட்டலானான். பத்து மணிக்குத் திரை ஒளிர்ந்தது. இயங்குதளம் நிறுவி, மறுநாள் வலரன்ட் என்னும் விளையாட்டை ஓட்டிப் பார்த்தான். காட்சியின் தரத்தைச் சற்றுக் குறைத்தபின் தங்குதடையின்றி ஓடியது. கனத்த புது விளையாட்டுகள் இப்போதைக்கு ஓடா என்பதும் அவனுக்குத் தெரியும். தமக்கையார் கதவோரத்தில் நின்று அந்த வெளிச்சத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “கண்ணுக்குக் கிட்ட வைக்காதை” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

அத்தானோ மிச்சப் பணத்தை வாங்கி மடியிற் செருகிக்கொண்டு, திறந்திருந்த பெட்டியுள் எட்டிப் பார்த்தார்.

“இதிலை ஓரிடம் வெறுமையாக் கிடக்குதே. கடைக்காரன் ஏமாத்திப்போட்டானோ?”

“இல்லையப்பா, அது வரைகலை அட்டைக்கு. 70 வாற்றிலை ஓடுறது ஒண்டிருக்கு. இந்த மின்வழங்கி தாங்கும். அடுத்த காலபோகத்துக்குப் பாப்பம்” என்றான் பையன்.

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப நீயும் இனி என்னோடை சேர்ந்து வானத்தைப் பார்” என்றார்.

மறுநாட் காலை நாம் விடைபெற்றுப் புறப்படுகையில், இரணைமடு நிரம்பவேண்டும், ஆனால் அளவோடு நிரம்பவேண்டும் என்று முறிகண்டிப் பிள்ளையாரை நினைந்து வேண்டிக்கொண்டோம்.