இடுப்பு மூட்டும் நாம் சொன்ன புத்திமதியும்

இதனை எழுத நமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. ஆயினும் எழுதாமலிருத்தல் அதனினும் தவறு.

நமது பங்கின் உபதேசியார் பல்லாண்டுகளாக மணிக்கூண்டின் படியேறி மணியடித்தவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய வலது இடுப்பு மூட்டு தேயத் தொடங்கிற்று. முதலில் செருப்பு வாரை மாட்டக் குனிய இயலவில்லை. பின்னர் இரவில் புரண்டு படுக்கவும் இயலவில்லை. மூட்டை மாற்றிவிடலாம் என்று மருத்துவர் கூறவே, அவர் நம்மிடம் வந்தார். "சாமி, ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க. என்ன செய்யட்டும்?" நாமோ, "ஆண்டவர் தந்த சிலுவையென்று பொறுத்துக்கொள்ளுங்கள், உபதேசியாரே" என்று சொல்லியனுப்பினோம். சொல்வது எளிது, சுமந்தவர் அவரே.

நான்கு ஆண்டுகள் சுமந்தார். படியேறுவதை விட்டார், சந்தைக்கு நடப்பதை விட்டார், ஈற்றில் திண்ணையே கதியாயிற்று. அறுவைச் சிகிச்சை நடந்தபோது தொடை மெலிந்து குச்சிபோல் இருந்தது. சிகிச்சை குறையின்றி முடிந்தது, வலி நீங்கியது, உறக்கம் வந்தது. ஆனால் இன்றும் அவர் கோலூன்றியே நடக்கிறார். மணியை வேறொருவர் அடிக்கிறார்.

காரணம் நமக்கு விளங்கியது சென்ற ஆண்டில்தான். நமது இடது இடுப்பே தேய்ந்து, அதே நாற்காலியில் நாம் அமர்ந்தபோது, மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்தினுள் சுழலும் உருண்டை. 1962-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர், எஃகு உருண்டையையும் கடினமான பிளாஸ்டிக் கிண்ணத்தையும் பொருத்தி இச்சிகிச்சைக்கு நிலையான வழி கண்டார். ஆனால் மாற்றப்படுவது மூட்டு மட்டுமே. அதனை இயக்கும் தசை பழையதே. தசை வற்றி, நடை மறந்து, மூச்சும் தளர்ந்தபின் புதிய மூட்டு தனியே என்ன செய்யும்? 1999-இல் வட அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வும் இதையே கண்டது: மிகவும் முடங்கியபின் சிகிச்சை பெற்றோர் நன்கு தேறினார்கள், எனினும், ஓரளவு நடமாட்டம் இருக்கும்போதே சிகிச்சை பெற்றோரின் நிலையை ஆறு மாதங்களுக்குப் பின்னும் அவர்கள் எட்டவில்லை. இதற்காக வலி கண்டவுடனே ஓட வேண்டுமென்பதில்லை. செயற்கை மூட்டும் காலப்போக்கில் தேயும். ஆகவே பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து ஆகியவற்றையே முதலில் பார்ப்பார்கள்.

நமக்கு மூன்று மாதத் தவணை கிடைத்தது. சர்க்கரை மிகுந்தால் புண்ணில் சீழ் பிடிக்கும் என்று அதைக் கட்டுப்படுத்தினார்கள். சொத்தைப் பல்லைப் பிடுங்கச் சொன்னார்கள். அதன் கிருமி இரத்தத்தின் வழியே புதிய மூட்டை அடையக்கூடுமாம். புகைப் பழக்கத்தைப் பற்றிக் கேட்டபோது இல்லையென்றோம். மூக்குப்பொடியைப் பற்றிக் கேட்குமுன் பேச்சை மாற்றிவிட்டோம். படுத்தபடி தொடைத்தசையை இறுக்கித் தளர்த்துதல், நாற்காலியின் கைகளை அழுத்தி எழுதல் முதலிய பயிற்சிகளைக் காலையும் மாலையும் செய்தோம். பின்னது, சிகிச்சைக்குப் பின் வாக்கரைப் பிடித்து நடக்கக் கைகளுக்கு வலுவூட்டுவதற்காம். சமையற்காரம்மா அடுக்களையிலிருந்தே எண்ணுவார். பத்துக்கு ஒன்பது செய்தாலும் விடமாட்டார்.

சிகிச்சைக்கு மறுநாளே எழுந்து நின்றோம். தரையில் சம்மணமிடுவதும் குந்துவதும் கூடாதென்பது உத்தரவு. மூன்றாம் மாதத்தில் கோலின்றிப் பீடத்தில் நின்று திருப்பலி நிறைவேற்றினோம். முன்வரிசையில் கோலை மடியில் வைத்துக்கொண்டு உபதேசியார் அமர்ந்திருந்தார். அன்று மறையுரை நமக்குச் சரியாக வரவில்லை.

மாலையில் அவர் வீட்டுக்குச் சென்றோம். அன்று கூறிய புத்திமதி தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "நடந்தது நடந்துபோச்சு, சாமி. இவளுக்கும் ரெண்டு வருஷமா இடுப்பு வலிக்குது. வெளியே சொல்ல மாட்டேங்கறா. உங்களுக்கு எழுதிக் கொடுத்த பயிற்சிச் சீட்டு இருக்கா?" என்றார்.

சீட்டைக் கொடுத்தோம். வரும் திங்கட்கிழமை அந்த அம்மாளை நாமே மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம்.