கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸின் ஆறுதல் இல்லம்

நியூயார்க் என்றதும் நமக்கு வானத்தை முட்டும் கட்டடங்கள்தான் நினைவுக்கு வரும். அதே மாநிலத்தின் மேற்குப் பகுதியோ முழுக்க விவசாய பூமி. ரோச்செஸ்டர் நகரிலிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் வந்துவிடுகிறது. வழியெல்லாம் சோளக்காடு, ஆப்பிள் தோப்பு, அக்டோபர் மாதத்துக்கே உரிய செம்மஞ்சள் மரங்கள். சுமார் இரண்டாயிரம் பேர் வாழும் சிற்றூர். காரை விட்டு இறங்கியதுமே கந்தக வாடை மூக்கில் ஏறியது. ஊருக்குள் ஓடும் ஓடையிலிருந்து வருகிற வாடை அது. இந்தக் கந்தக நீரை நம்பித்தான் ஹென்றி ஃபாஸ்டர் என்ற மருத்துவர் 1850-ல் இங்கே நீர் சிகிச்சை நிலையம் தொடங்கினார். அதன் பெரிய கட்டடம் இன்றும் ஊர் நடுவே கம்பீரமாக நிற்கிறது.

நான் தேடி வந்தது ஓடையை அல்ல; பிராட் தெருவில் இருந்த ஒரு வீட்டை. அதற்குப் பெயர் 'கன்சொலேஷன் ஹவுஸ்', ஆறுதல் இல்லம். அன்றாட வேலைகளையே மருந்தாக்கி, உலகெங்கும் மருத்துவமனைகளில் ஆக்குபேஷனல் தெரபி என்ற பெயரில் நடக்கும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் சங்கம் பிறந்த இடம் அது.

அந்த வீட்டுக்காரர் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன், கட்டடக் கலைஞர். காசநோய் அவரை ஆண்டுக்கணக்கில் வாட்டியது. பிறகு கால் அழுகிப் போய் விரல்களை வெட்ட வேண்டியதாயிற்று. அதன்பின் உடலின் இடது பக்கமே செயலிழந்தது. அந்த நிலையில்தான் இவ்வூர் சிகிச்சை நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். படுக்கையிலேயே கிடந்து மீதி நாளைக் கழிக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. 1914-ல் இங்கேயே ஒரு வீடு வாங்கி, தச்சுப் பட்டறையும் தோட்டமும் அமைத்து, உளியும் மண்வெட்டியும் பிடித்துத் தன் உடம்பைத் தானே மீட்டெடுக்கத் தொடங்கினார். மற்ற நோயாளிகளுக்கும் அந்தக் கதவைத் திறந்து வைத்தார்.

1917 மார்ச் 15 அன்று அவர் அழைப்பை ஏற்றுச் சிலர் இங்கே கூடி அந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அப்போது எடுத்த புகைப்படம் இந்தத் துறையில் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்தது. முன்வரிசையில் நடுவே பார்ட்டன். அவருக்கு ஒரு பக்கம் கைவினை ஆசிரியை சூசன் காக்ஸ் ஜான்சன், மறுபக்கம் எலனோர் கிளார்க் ஸ்லேகல். பின்னால் மனநல மருத்துவர் வில்லியம் ரஷ் டன்டன், பார்ட்டனின் செயலாளர் இசபெல் நியூட்டன், கனடாவில் போர்வீரர்களின் மறுவாழ்வுக்குப் பொறுப்பேற்றிருந்த தாமஸ் கிட்னர். மொத்தம் ஆறே பேர். மூன்று வாரத்தில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. காயமுற்றுத் திரும்பிய வீரர்களுக்கு இவர்களின் சிகிச்சை உடனடித் தேவையாயிற்று.

அந்த ஆறு பேரில் ஸ்லேகலை நினைத்துத்தான் அந்தத் தெருவில் வெகுநேரம் நின்றேன். பால்டிமோரில் அடால்ஃப் மேயர் என்ற மனநல மருத்துவரோடு பணியாற்றியவர் அவர். மனநல மருத்துவமனைகளில் கைவிடப்பட்டுக் கிடந்தவர்களுக்குக் காலையில் எழுவது, குளிப்பது, உண்பது, நடப்பது, நெய்வது என்று ஒரு நாளின் ஒழுங்கைத் திரும்பக் கற்றுக்கொடுத்தார். சிகாகோவில் ஆசிரியராக இருந்து அடுத்த தலைமுறையைப் பயிற்றுவித்தார். சங்கத்தின் செயலாளராக 1937 வரை உழைத்தார்.

ஒரு நாளின் ஒழுங்கு என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் பக்கவாதம் கண்ட ஒருவரின் வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். என் அப்பாவுக்கு வலது கை விழுந்தபோது, சட்டை போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தது ஓர் இளம் தெரபிஸ்ட் பெண். "முதல்ல வராத கையை நுழைங்க ஐயா, அப்புறம் நல்ல கை. கழட்டும்போது நல்ல கைதான் முதல்ல" என்பாள். வேட்டி நுனியை இடது கையால் மட்டும் இழுத்து இடுப்பில் செருகும் வித்தையை, கட்டில் விளிம்பில் உட்காரவைத்துப் பொறுமையாகப் பழக்கினாள். அப்பா யார் உதவியும் இல்லாமல் வேட்டி கட்டிய காலையில் அம்மா அழுதுவிட்டார். அந்தப் பெண்ணுக்கு யாரும் சால்வை போர்த்தவில்லை.

அமெரிக்காவில் இத்தகைய தெரபிஸ்ட்களைச் சிறப்பிக்கும் முறை என்னை வியக்க வைத்தது. அந்தச் சங்கம் தரும் மிக உயர்ந்த கல்விசார் கௌரவம் ஸ்லேகல் பெயரிலான நினைவுச் சொற்பொழிவு. தேர்வு பெறுபவர் பல மாதம் உழைத்து, ஆண்டு மாநாட்டில் சக தெரபிஸ்ட்கள் முன் பேச வேண்டும்; அந்தப் பேச்சு சங்கத்தின் ஆய்விதழில் அச்சாகும். உழைப்பே மருந்து என்று நம்பும் துறை, தன் சிறந்த ஆசிரியர்களுக்குப் பரிசாகவும் ஓர் உழைப்பையே தருகிறது. 1955-ல் ஃப்ளாரன்ஸ் ஸ்டாட்டல் முதல் சொற்பொழிவை ஆற்றினார். 1963-ல் ஜீன் ஏயர்ஸ் பேசினார். சென்னையில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான 'சென்ஸரி இன்டெக்ரேஷன்' அறைகளில் ஊஞ்சல்கள் தொங்குகின்றனவே, அவற்றுக்குப் பின்னால் இருப்பது ஏயர்ஸின் ஆய்வுதான். மேடையில் பேசிய அறிவு கடல் கடந்து நம் பிள்ளைகளின் கையையும் காலையும் வந்து தொட்டிருக்கிறது.

நமக்கும் இந்தத் துறையோடு பழைய உறவு உண்டு. அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர், ஃபிலடெல்ஃபியாவில் இக்கல்வி பயின்று, 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952-ல் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்களின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

அக்டோபர் 27 உலக ஆக்குபேஷனல் தெரபி தினம். அன்று பூங்கொத்தும் கேடயமும் கொடுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு நம் மருத்துவமனைகள் ஒவ்வொன்றும் தங்களின் சிறந்த தெரபிஸ்ட்டை மேடையேற்றி, இளம் மருத்துவர்களை எதிரே உட்காரவைத்து, ஒரு மணி நேரம் பாடம் நடத்தச் சொல்ல வேண்டும். வராத கையை முதலில் நுழைக்கச் சொல்லும் அறிவு நூறாண்டு அனுபவத்தில் விளைந்தது. அதைக் கற்றுத்தருபவருக்குச் செய்யும் மிகப் பெரிய மரியாதை, உட்கார்ந்து கற்றுக்கொள்வதுதான்.